சீலிங்கில் சாத வாசனை

திருவேங்கடத்தின் வலது கால், அவரை முந்திக்கொண்டு ஹாலுக்கு வந்து சேர்ந்தது. வந்த வழி கூரை.

தொடை வரை வந்துவிட்டது. வேட்டி மேலேயே தங்கிவிட்டது. ஜிப்சம் தூளைப் பூசிக்கொண்டு, மாவில் புரட்டிய வாழைக்காய் மாதிரி, ஹாலின் நட்டநடுவில் மின்விசிறிக்கு ஒரு முழம் தள்ளித் தொங்கியது. மீதித் திருவேங்கடம் மேலே இருட்டில் ஒரு தகரச் சட்டத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, வங்கித் தணிக்கை அதிகாரியாகச் சேர்த்துவைத்த அனுபவம் முழுவதையும் மனசுக்குள் ஒரு தரம் புரட்டிப் பார்த்தார். இந்த நிலைமைக்கு அதில் ஒரு சுற்றறிக்கைகூட இல்லை.

ஆள் இல்லாத அறையில் விசிறி ஓடினால் ஜெயலக்ஷ்மிக்குப் பொறுக்காது. கடைக்குக் கிளம்பும்போதே அணைத்துவிட்டுப் போயிருந்தாள். அந்தப் பழக்கத்தைத் திருவேங்கடம் நன்றியோடு நினைத்தது கல்யாணமானதிலிருந்து அன்றைக்குத்தான்.

காலை ஆட்டிப் பார்த்தார். ரப்பர் செருப்பு கழன்று சோபாவில் விழுந்தது. இன்னும் கொஞ்சம் பலமாக ஆட்டினார். பலகையில் ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. அதோடு கூட, சுருட்டிப் போட்ட கைக்குட்டை மாதிரி சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்றும் விழுந்து, சோபா மெத்தையில் ஒரு துள்ளு துள்ளி, "க்யீ" என்றது.

வாசல் கதவு திறந்தது அப்போதுதான்.

கல்கத்தா லேக் மார்க்கெட்டிலிருந்து ஜெயலக்ஷ்மி கறிகாய்ப் பையோடு வந்தாள். கூடவே கீழ் வீட்டு சுப்ரியா பௌதி. ஒரே ரிக்ஷாவில் திரும்பியவள், ஒரு டம்ளர் காபி குடித்துவிட்டுப் போகலாமென்று மாடியேறியிருக்கிறாள்.

"ஓ மா! திருதா!" என்றாள் சுப்ரியா பௌதி. திருவேங்கடம் என்ற பேரை முழுசாகச் சொல்லப் பொறுமையில்லாத அந்தத் தெருவுக்கு அவர் திருதா; வங்காளத்தில் தாதா என்றால் அண்ணா, பௌதி என்றால் மன்னி. காலை மட்டும் பார்த்து ஆளைக் கண்டுபிடித்ததில் அவளுக்கே ஒரு பெருமை.

ஜெயலக்ஷ்மி கத்தவில்லை. பையைக் கீழே வைத்தாள். அண்ணாந்து பார்த்தாள். காலைச் சுற்றியிருந்த ஓட்டையை ஒரு சுற்று பார்த்தாள்.

"சீலிங்" என்றாள்.

காலைப் பற்றி ஒரு விசாரணையும் இல்லை.

"ஜெயா, நான் நன்னாத்தான் இருக்கேன்" என்றார் மேலேயிருந்து.

"அங்க என்ன பண்ணிண்டிருக்கேள்?"

"ஏன், என் ஆத்துப் பரண்ல நான் ஏறக் கூடாதா?"

கேட்ட கேள்விக்கு ஆமாம், இல்லை என்று சொல்லாமல் இன்னொரு கேள்வியைத் திருப்பிக் கொடுப்பது அந்த வீட்டில் ஜெயலக்ஷ்மியின் தனிச்சொத்து. காபி வேணுமா என்றால், "போட்டாச்சுன்னா கீழயா கொட்ட முடியும்?" என்பாள். கோயிலுக்கு வரியா என்றால், "நான் வரலைன்னா பெருமாள் கதவைச் சாத்திக்கப் போறாரா?" என்பாள். ஆயுள் முழுக்கக் கிளை கிளையாகப் போய் "உண்டா, இல்லையா, அதைச் சொல்லுங்கள்" என்று மேனேஜர்களை நடுங்க வைத்தவருக்கு, வீட்டில் ஒரு பதிலுக்கும் கையெழுத்து வாங்க முடிந்ததில்லை. இப்போது அதே வித்தையை அவரே செய்தார். காரணம், அவர் பரணில் ஏறிய காரணம் சபையில் சொல்லும்படியாக இல்லை.

காரணம் சாதம்.

ஜூலையில் டாக்டர், சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது, சாதத்தைக் குறைக்கலாம் என்றார். டாக்டர் சொன்னது ஒரு கரண்டி. ஜெயலக்ஷ்மி அதைத் தீர விசாரித்து, ஒரு கரண்டியிலிருந்து ஒரு பருக்கைக்குக் குறைத்து, அடுத்த வாரம் அந்தப் பருக்கையையும் ரத்து செய்தாள். அரிசி டப்பாவில் கோதுமை ரவை குடியேறியது. சாதத்தில் கரைத்துச் சாப்பிட வேண்டிய சாத்தமுதை ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் கேவலத்தை அவர் எந்த எதிரிக்கும் நினைக்க மாட்டார்.

அப்படிப்பட்ட மனிதருக்கு, செப்டம்பரில் ஒரு நாள் விளக்கேற்றும் நேரம் ஹாலில் உட்கார்ந்திருக்கையில் வாசனை வந்தது. சுடச்சுட வடித்த சாதம். சாதாரண சாதமில்லை, வங்காளிகள் பாயசத்துக்குப் போடுவார்களே கோபிந்தபோக், அந்த ஜாதி. மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். சமையலறையில் போய்ப் பார்த்தால் அடுப்பு அணைந்து கிடக்கும்.

"ஜெயா, சாதம் வச்சியா?"

"வச்சா உங்களுக்குத் தெரியாம எங்க கொண்டுபோய் ஒளிப்பேன்?"

தணிக்கைக்காரன் காதில் இது மறுப்பாக விழாது. எங்கே ஒளித்தாய் என்று கேட்காதபோதே எங்கே ஒளிப்பேன் என்கிறாளே! அன்றிலிருந்து அவர் மூக்கை முன்னால் விட்டுப் பின்னால் நடந்தார். வாசனை நடைப் பக்கத்துப் பரணருகே தூக்கலாக இருந்தது. வியாழக்கிழமை மத்தியானம் அவள் மார்க்கெட் போனதும் ஏணியைச் சாய்த்தார். பரணுக்குப் பின்னால் ஃபால்ஸ் சீலிங்கின் மேல்புறம் இருட்டாக நீண்டு கிடந்தது. வாசனை அங்கிருந்துதான். தவழ்ந்தார். ஒரு காலை எடுத்து வெள்ளையாகத் தெரிந்த தரையில் வைத்தார். அது தரையில்லை.

பக்கத்து வீட்டில் வெள்ளையடிக்கிற ஆளும், சுப்ரியா பௌதியின் நாற்காலியும், ஜெயலக்ஷ்மியின் மௌனமுமாகச் சேர்ந்து அவரை இறக்கியபோது, சோபாவில் கிடந்த சாமானைப் பற்றி எல்லோருக்கும் ஞாபகம் வந்தது. கண் திறந்திருந்தது. உடம்பில் மங்கலாகப் புள்ளிகள். வால் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாத நீளம்.

"பாம்!" என்றாள் சுப்ரியா பௌதி, கண்ணை விரித்து. "பாமோட குட்டி. எங்க பழைய வீட்டிலும் இருந்தது. மாம்பழ நாளில் ராத்திரி ராத்திரி கூரையில் கால்பந்து ஆடும்."

நம்மூரில் மரநாய் என்பார்கள். நாயுமில்லை, பூனையுமில்லை, கீரிக்கு ஒன்றுவிட்ட சொந்தம் மாதிரி ஒரு பிராணி. அவர்கள் குடியிருந்த டாக்குரியா வீடு நூறு வயசு தாண்டியது. சீலிங்குக்கு மேலே ஒளிந்திருந்த பழைய சுவரில், காற்றுக்காக விட்ட ஒரு துவாரத்தை யாரும் அடைக்கவில்லை. துவாரத்துக்கு வெளியே மாமரக் கிளை. ஒரு தாய்க்கு இதைவிட வசதியான பிரசவ வார்டு தென் கல்கத்தாவில் கிடைக்காது.

பெண் ஹம்சினி சால்ட் லேக் ஆபீஸிலிருந்து வந்ததும் வராததுமாக ஃபோனில் தேடி, மிருகங்களை மீட்கிற ஒரு குழுவின் ஆளைப் பிடித்தாள். பாவம், அவளுக்குத் தமிழ் வீட்டுக்குள்ளே மட்டும்தான் ஓடும். அவசரம் வந்தால் வங்காளத்துக்குத் தடம் மாறிவிடும்.

"அப்பா, ஏக்தம் தொடாதே! பால்-டால் குடுக்கக் கூடாதாம். அம்மாவுக்கும் சொல்லு."

"நான் எதுக்குடி குடுக்கப் போறேன்?" என்று சமையலறையிலிருந்து ஜெயலக்ஷ்மி சொன்னாள். கையில் குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடை இருந்தது.

ஸ்பீக்கரில் அந்த ஆள் நிதானமாகச் சொன்னான். குட்டிக்கு அடிபடவில்லையென்றால், விழுந்த இடத்துக்குப் பக்கத்திலேயே உயரமாக வையுங்கள். இருட்டுகிற நேரம் தாய் தேடி வரும். விளக்கு கூடாது, சத்தம் கூடாது, ஆள் நடமாட்டம் கூடாது. மேலே இன்னொரு குட்டி இருக்கலாம். பயம் வந்துவிட்டால் இருப்பதை மட்டும் கவ்விக்கொண்டு வேறிடம் போய்விடும்; விழுந்தது விழுந்ததுதான்.

"தாய் வருமா?" என்று திருவேங்கடம் கேட்டார்.

"பெரும்பாலும் வரும் சார். சாதாரணமா. பார்க்கலாம் சார்."

மூன்று வாக்கியத்தில் மூன்று ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டான். இவன் மட்டும் கிளை மேனேஜராக இருந்திருந்தால் அவரால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

"இன்னொன்னு சார். வீட்ல கொஞ்ச நாளா சாதம் வேகற வாசனை வந்துதா? நல்ல வாசனை அரிசி? அதோட உடம்பு வாசனையே அப்படித்தான்."

ஜெயலக்ஷ்மி மெதுவாகத் திரும்பிக் கணவரைப் பார்த்தாள். ஏணியைப் பார்த்தாள். திரும்பவும் கணவரை.

"அதுக்குத்தான் ஏறினேளா?"

"எதுக்கு?"

"இந்த முட்டிய வச்சுண்டு, குக்கரையும் தூக்கிண்டு, பரண்ல ஏறி உக்காந்து நான் சாதம் வடிக்கறேன்னு நெனச்சேளா?"

"வடிக்கறேன்னு நெனக்கலை ஜெயா. வடிச்சதை அங்க வச்சிருக்கலாமோன்னு..."

ஹம்சினி வாயைப் பொத்திக்கொண்டு அடுத்த அறைக்கு ஓடினாள். அங்கிருந்து அவள் சிரிப்பு வந்தது. ஜெயலக்ஷ்மி சிரிக்கவில்லை. பாலாடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "உங்களுக்கு மட்டும்தான் மூக்கு இருக்கா? ஜூலைலேர்ந்து நானும்தான் ஒரு வாய் சாதம் சாப்பிடலை. தினம் சாயந்திரம் அந்த வாசனை வரச்சே, சுப்ரியா ஆத்துல வைக்கறான்னு நெனச்சுண்டு வாயை மூடிண்டு கெடந்தேன்" என்றாள்.

அவளும் சாப்பிடவில்லை என்பது அவருக்குத் தெரியாது. கூட உட்கார்ந்து ரொட்டி சாப்பிடுகிறாளே, அது அவருக்குத் துணைக்கு என்றும், தனியாக இருக்கும்போது தனி ஏற்பாடு என்றும் கணக்குப் போட்டிருந்தார். வேட்டியிலிருந்து ஜிப்சத்தைத் தட்டினார். அது தரையெல்லாம் பரவியது. அதற்கும் திட்டு வாங்கினார். மனசுக்குக் கொஞ்சம் இதமாக இருந்தது.

ஆனால் சாதத்தைவிடப் பெரிய விஷயம் சீலிங். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெயலக்ஷ்மியின் அண்ணா வெங்கடநாராயணன் சென்னையிலிருந்து வருகிறார்.

கல்யாணமாகித் தங்கை கல்கத்தா வந்த நாளிலிருந்து அவர் இந்த வீட்டு வாசலை மிதித்ததில்லை. ஃபோனில் மட்டும், "என்ன ஜெயா, இந்த மழைக்கு உங்காத்துல எத்தனை பக்கெட் வச்சிருக்கே?" என்று கேட்பார். கேட்டுவிட்டு அவரே சிரிப்பார். ஜெயலக்ஷ்மி ஒவ்வொரு தடவையும் கூடவே சிரித்துவிட்டு, ஃபோனை வைத்ததும் அண்ணாந்து பார்ப்பாள். போன வருஷம்தான் அந்தக் கறுத்துப்போன உத்தரங்களை மறைத்து ஃபால்ஸ் சீலிங் போட்டார்கள். ஓரத்தில் ஒளிந்து எரிகிற விளக்குகள், நடுவில் ஒரு பூ. அதை எல்லாக் கோணத்திலும் படம் பிடித்து அண்ணாவுக்கு அனுப்பினாள். "நேர்ல வந்து பாத்தாத்தான் நம்புவேன்" என்று அவர் எழுதினார். அந்த நேர்தான் இந்த வெள்ளிக்கிழமை.

நடுவில் இருந்த பூ இப்போது இல்லை. திருவேங்கடத்தின் கால் சரியாக அதன் வழியாகத்தான் வந்திருந்தது.

"ஜெயா, இப்ப என்ன பண்ணலாம், சொல்லு. மிஸ்திரியைக் கூப்பிட்டு உடனே மூடிடலாமா, இல்ல குட்டியை அது எடுத்துண்டு போற வரைக்கும் இருக்கட்டுமா?"

"என்னைக் கேட்டுண்டா கால விட்டேள்?"

இது பதிலில்லை. ஆனால் நியாயம்.

வியாழக்கிழமை இருட்டியதும் இரும்பு பீரோவை ஓட்டைக்கு நேர்கீழே இழுத்தார்கள். அதன் மேல் பூக்கூடை, கூடைக்குள் ஜெயலக்ஷ்மியின் பழைய நூல் புடவைத் துண்டு, அதற்குள் குட்டி. விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் உள்ளறைக்குப் போய்விட வேண்டும் என்பது ஏற்பாடு. திருவேங்கடத்தால் முடியவில்லை. வந்துவிட்டதா என்று பார்க்க டார்ச்சோடு ஒரு தடவை போனார். வராததற்குக் காரணம் டார்ச்சோ என்று டார்ச் இல்லாமல் ஒரு தடவை போய், ஏணியில் இடித்துக்கொண்டார். அதற்குள் தெருமுனை கிளப்பில் பூஜைப் பந்தலுக்கு மைக் கட்டி, "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்று ஊரை எழுப்பினார்கள். மாமரக் கிளை ஒரு தரம் ஆடியது. பிறகு ஆடவில்லை. குட்டி மட்டும் விட்டுவிட்டுக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

ஜெயலக்ஷ்மி கட்டிலில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டாள்.

"வருமா வராதா பௌதி?" என்று மறுநாள் காலையில் மாடிப்படியில் சுப்ரியாவைக் கேட்டார். வங்காளிகள் மிருக விஷயத்தில் கெட்டிக்காரர்கள் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

"திருதா, பெத்தவளால விட்டுட்டு இருக்க முடியுமா?" என்றாள் அவள், கண் கலங்கி.

இங்கேயும் கேள்விதான்.

பத்து மணி சுமாருக்கு மிஸ்திரி வந்தான். புதுப் பலகை, திருகாணி, பூவுக்கு அச்சு எல்லாம் கொண்டுவந்திருந்தான். சட்டம் நெளிந்துவிட்டது, ஒரு வரிசை முழுக்கக் கழற்றித் தட்டித்தான் பூட்ட வேண்டும். சாயங்காலத்துக்குள் யாருக்கும் தெரியாதபடி முடித்துவிடுவேன் என்றான். இன்றைக்கு விட்டால் ஊருக்குப் போய்விடுவான். இனி லக்ஷ்மி பூஜை கழித்துத்தான் கல்கத்தாவில் மிஸ்திரி என்ற ஜாதியையே பார்க்க முடியும்.

"தட்டினா சத்தம் வருமோ?" என்றாள் ஜெயலக்ஷ்மி.

சுத்தியால் தட்டினால் சத்தம் வராமல் எப்படி இருக்கும் என்று மிஸ்திரி அவளைப் பார்த்தான். "ஆரம்பிக்கட்டுமா பௌதி?"

"காபி குடிக்கறியா?"

குடித்தான். "ஆரம்பிக்கட்டுமா?"

"டிபன் சாப்பிட்டியா நீ?"

உப்புமாவும் சாப்பிட்டான். சொந்த ஊர் எது, குழந்தைகள் எத்தனை, பூஜைக்குத் துணி எடுத்தாயிற்றா, பெண்டாட்டிக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று அவள் கேட்டுக்கொண்டே போனாள். பீரோ மேலே கூடையிலிருந்து "க்யீ" என்று ஒரு சத்தம் வந்தது. மிஸ்திரி அண்ணாந்து பார்த்தான். கூடையைப் பார்த்தான், ஓட்டையைப் பார்த்தான், கடைசியில் அவள் முகத்தைப் பார்த்தான். பலகையைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு, "பூஜை கழிச்சு வரேன் பௌதி" என்று படியிறங்கிப் போய்விட்டான்.

"நீ அனுப்பினியா, அவனாப் போனானா?" என்று கேட்டார் திருவேங்கடம்.

"போறவனை நான் கட்டியா போட முடியும்?"

சொல்லிவிட்டு உள்ளே போனவள், பெட்டியிலிருந்து அண்ணாவுக்காக எடுத்துவைத்த புது விரிப்பையெல்லாம் வெளியே எடுத்தாள். கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். முகம் வாடியிருந்தது. அந்தக் கூரையின் ஓட்டையைப் பார்த்து அண்ணா சிரிக்கப்போகிற சிரிப்பு இப்போதே அவள் காதில் விழுகிறது என்று திருவேங்கடத்துக்குத் தோன்றியது. தன் காலை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். கணுக்காலில் ஒரு சிராய்ப்பு. அதற்கு எண்ணெய் போட்டுக்கொள்ளக்கூட அவருக்கு மனசு வரவில்லை.

ஒன்றுமட்டும் அவரால் செய்ய முடியும். சட்டையைப் போட்டுக்கொண்டு கிளப்புக்குப் போனார்.

செக்ரட்டரி வயிறும் மீசையுமாகப் பந்தல் மூங்கில் ஒன்றில் சாய்ந்து நின்றிருந்தார். திருவேங்கடம் விஷயத்தைச் சொன்னார். கூரையில் ஓட்டை எப்படி விழுந்தது என்ற பகுதியைக் கொஞ்சம் வேகமாகச் சொன்னார்.

"சாயங்காலம் இருட்டற நேரம், ஒரு மணி நேரம் மைக் வேண்டாம். முடியுமா முடியாதா?"

"தேக்சி காக்கு" என்றார் செக்ரட்டரி. பார்க்கிறேன் என்று அர்த்தம்.

"அதான், முடியுமா முடியாதா?"

"தேக்சி தோ!"

முப்பது வருஷமாக இந்த ஊரில் குழாய் ரிப்பேரிலிருந்து பெண்ணுக்கு ஸ்கூல் சீட்டு வரை இந்த ஒரு வார்த்தையைத்தான் கேட்டு வருகிறார். அது சம்மதமா, மறுப்பா, சும்மா கொட்டாவியா என்று இன்றுவரை தெரியாது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரும்பினார்.

அண்ணா நாலு மணிக்கு விமானம் இறங்கி, பூஜை நெரிசலில் கார் ஊர்ந்து, எப்படியும் எட்டாகிவிடும் என்று ஹம்சினி கணக்குச் சொன்னாள். அதற்குள் தாய் வந்தால் வந்ததுதான். மிருகக் குழுவின் ஆளும் அதையே சொல்லிவிட்டான். இரண்டாம் நாளும் வராவிட்டால், இனி வராது. நாங்கள் வந்து எடுத்துப் போய் புட்டிப்பால் கொடுக்கிறோம், பிழைக்குமா என்று கேட்காதீர்கள்.

இந்தத் தடவை ஒழுங்காகச் செய்தார்கள். அழைப்பு மணியின் கம்பியைக் கழற்றினார்கள். ஃபோன்களை ஊமையாக்கினார்கள். சுப்ரியா பௌதி கீழே இரும்பு கேட்டை இழுத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு, "நீங்க சொல்ற வரைக்கும் என் மாமியாரே எழுந்து வந்தாலும் திறக்க மாட்டேன்" என்றாள். அவள் மாமியார் போய்ப் பத்து வருஷமாகிறது.

மூன்று பேரும் ஹால் மூலையில், சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்தார்கள். உள்ளறையில் இருக்கலாம்தான். ஆனால் டார்ச்சைப் பிடுங்கிக்கொண்டு தன் கண்முன்னாலேயே உட்கார வைத்தால்தான் மனுஷர் அசையாமல் இருப்பார் என்று ஜெயலக்ஷ்மி தீர்மானித்திருந்தாள். இருட்டியது. விசிறி இல்லை. கொசுக்கள் திருவேங்கடத்தைக் கண்டுபிடித்தன. கன்னத்தில் ஒன்று, கழுத்தில் இரண்டு. அடிக்கக் கூடாது. சர்க்கரை ஏறிய ரத்தம். பாயசம் கிடைத்த மாதிரி இருக்கும் அவற்றுக்கு என்று நினைத்துச் சிரிப்பு வந்தது. சிரிக்கவும் கூடாது. ஹம்சினி அவர் கையைப் பிடித்துக் கிள்ளினாள்.

மைக்குக் காத்திருந்தார். வரவில்லை. தெருவில் எங்கோ ஒரு சைக்கிள் மணி, அப்புறம் நிசப்தம். பந்தலில் ஒரு சுத்தியல்கூடத் தட்டவில்லை. ஆக, தேக்சி என்றால் சரி என்றும் அர்த்தம் உண்டு! கண்டுபிடிக்க ஒரு ஆயுள் பிடித்திருக்கிறது.

குட்டி கூப்பிட்டது. நேற்றைவிட மெலிசான குரல். ஜெயலக்ஷ்மியின் மூச்சு பக்கத்தில் ஏறி இறங்குவது அவருக்குக் கேட்டது.

பிறகு வாசனை வந்தது.

வடித்து, கஞ்சியை இறுத்து, தட்டைத் திறந்தவுடன் முகத்தில் அடிக்குமே, அந்த வாசனை. திருவேங்கடத்தின் வயிறு, நிலைமை புரியாமல், கடகடவென்று ஒரு சத்தம் போட்டது. ஜெயலக்ஷ்மி கையை நீட்டி அவர் வயிற்றை அழுத்தினாள், அழுகிற குழந்தையின் வாயை மூடுகிற மாதிரி.

மேலே தகரச் சட்டம் லேசாக முனகியது. ஓட்டையின் விளிம்பில், தெருவிளக்கின் மங்கல் வெளிச்சத்தில், ஒரு முகம் தெரிந்தது. கறுப்பு முகமூடி, கூர் மூக்கு, மின்னுகிற இரண்டு கண். அது ஹாலை நிதானமாகச் சோதித்தது. சோபா, பீரோ, சுவரில் சாய்த்த பலகை, மேஜை. மேஜைக்குப் பின்னாலும் ஒரு கணம் பார்த்தது. தணிக்கை என்றால் இதுதான் தணிக்கை என்று திருவேங்கடத்துக்கு மரியாதை வந்தது.

தலைகீழாக இறங்கியது. தண்ணீர் வழிகிற மாதிரி, சத்தமே இல்லாமல், பீரோ மேல் நின்றது. கூடைக்குள் முகத்தை விட்டது. குட்டியின் சத்தம் அப்படியே நின்றது.

அந்தச் சமயத்தில் கீழே கேட் கடகடத்தது.

"ஜெயா! ஏ ஜெயா! யாரு இருக்கா? மெட்ரோல வந்துட்டேன்! ஏர்போர்ட்லேர்ந்தே மெட்ரோ! உங்க ஊர்க் கார்க்காரன்கிட்ட மாட்டுவேன்னு பாத்தேளா?"

வெங்கடநாராயணன் வாழ்நாள் முழுக்க மின்வாரியத்தில் ஜெனரேட்டர்களுக்குப் பக்கத்தில் நின்று பேசிப் பழகியவர்.

தாய் விறைத்தது. பிடரியைக் கவ்வின நிலையில் தலையைத் தூக்கியது. குட்டி அதன் வாயிலிருந்து, ஈரத் துணி மாதிரி, துவண்டு தொங்கியது. கண் இரண்டும் வாசல் பக்கம். ஓட்டைக்குத் தாவ வேண்டும், தாவினால் ஆயிற்று. ஆனால் அசையவில்லை. இன்னும் ஒரு சத்தம், ஒரு காலடி வந்தால் போதும், வாயில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடிவிடும் போலிருந்தது.

திருவேங்கடத்தின் மடியில் ஃபோன் வெளிச்சம் காட்டியது. வேட்டியால் மூடிக்கொண்டு பார்த்தார். சுப்ரியா பௌதி எழுதியிருந்தாள்: 'ஜெயாவின் தாதா வந்துவிட்டார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. மேலே போக வேண்டுமாம். கேட்டைத் திறக்கவா?'

அவர் திரும்பினார். இருட்டில் ஜெயலக்ஷ்மியின் முகம் பக்கவாட்டில் தெரிந்தது. கல்யாணமாகிப் படி தாண்டி வந்த நாளிலிருந்து அவள் கேட்கக் காத்திருந்த குரல் வாசலில் நிற்கிறது. வந்தவரைக் காக்க வைத்தார்கள் என்று அண்ணா ஊர் முழுக்கச் சொல்லுவார். தீபாவளி வரை சொல்லுவார், அதற்கப்புறமும் சொல்லுவார். அவளுக்கு அது தெரியும். அவருக்கும் தெரியும்.

"ஜெயா" என்றார், காற்றில் பாதி, வாயில் பாதியாக. "உங்கண்ணா வந்துட்டார். கேட்டைத் திறக்கச் சொல்லவா, வேண்டாமா?"

கேட்டுவிட்டுப் பழக்கப்படி காத்திருந்தார். நான் வேண்டாம்னா நின்னுடப் போறாரா, வந்தவரைத் தெருவிலயா நிறுத்துவா, என்னைக் கேட்டா என்ன தெரியும். அவளிடமிருந்து வரக்கூடிய கேள்விகள் எல்லாவற்றையும் அவரே மனசுக்குள் வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்.

அவள் பீரோவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வேண்டாம்" என்றாள்.